இன்டர்வியூவுக்கு பிபிடி கொண்டு வரச் சொல்கிறார்களா? ஓசூர் பக்கம் வேலை தேடுபவர்கள் எப்படி தயாராவது?

"உங்கள் விண்ணப்பம் தேர்வாகியுள்ளது. வெள்ளிக்கிழமை காலை 9.30 மணிக்கு நேரில் வரவும். நீங்கள் செய்த ஒரு புராஜெக்ட் குறித்து 10 நிமிட பிரசன்டேஷன் தயார் செய்து வரவும்."

இப்படி ஒரு மெயில் வந்தால் முதல் இரண்டு வரியில் வரும் சந்தோஷம் மூன்றாவது வரியில் அப்படியே இறங்கிவிடும். ரெஸ்யூம் ரெடி. சர்டிபிகேட் ஃபைல் ரெடி. சட்டை கூட அயர்ன் பண்ணியாச்சு. ஆனால் பிரசன்டேஷனா? அதில் என்ன போடுவது? எந்த மொழியில் பேசுவது? லேப்டாப்பே இல்லாதவர் என்ன செய்வது?

ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்சாலைப் பகுதிகளில் வேலை தேடும் டிப்ளமோ, இன்ஜினியரிங், டிகிரி முடித்தவர்களுக்காக இந்த விளக்கம். எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

யாரிடம் கேட்பார்கள்?

லைனில் நிற்கும் ஆபரேட்டர் வேலைக்கு பெரும்பாலும் பிரசன்டேஷன் கேட்பதில்லை. டிரெய்னி இன்ஜினியர், குவாலிட்டி, புரொடக்ஷன், மெயின்டனன்ஸ், டிசைன் போன்ற வேலைகளுக்குத்தான் இதை எதிர்பார்க்கலாம். ஏற்கெனவே ஒரு கம்பெனியில் இரண்டு, மூன்று வருடம் இருந்துவிட்டு வேறு கம்பெனிக்கு மாறுகிறவர்களிடம், "அங்கே என்ன செய்தீர்கள், காட்டுங்கள்" என்று கேட்பது வழக்கம். லைன் லீடர், சூப்பர்வைசர் பதவி உயர்வுக்கும் சில இடங்களில் உண்டு.

மெயிலில் அந்த வரி இல்லாவிட்டாலும் தயார் செய்து வைப்பது நல்லது. "உங்க புராஜெக்ட் பத்தி சொல்லுங்க" என்று வாய்வார்த்தையாகக் கேட்டாலும் அதே விஷயத்தைத்தான் சொல்லப் போகிறீர்கள். ஸ்லைடு இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓசூரில் மட்டும் அப்படி என்ன ஸ்பெஷல்?

1970களில் சிப்காட் வந்த பிறகுதான் ஓசூரின் முகம் மாறியது. டிவிஎஸ் 50 மொபெட் 1980ல் இங்கிருந்துதான் ரோட்டுக்கு வந்தது. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984ல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில்தான் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அசோக் லேலண்ட் இங்கே லாரி செய்கிறது. இப்போது ஏத்தர் ஸ்கூட்டர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா, தேன்கனிக்கோட்டை பக்கம் ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ், குருபரப்பள்ளியில் டெல்டா என்று பட்டியல் நீண்டுவிட்டது. இந்தப் பெரிய கம்பெனிகளைச் சுற்றி சின்னச் சின்ன உதிரிபாக யூனிட்டுகள் ஏராளம்.

இந்தப் பகுதிக்கு தனியாக ஒரு பழக்கம் உண்டு. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் பெயரில் ஜப்பானில் 1951ல் தொடங்கிய டெமிங் பரிசு, தர மேலாண்மைக்கான மிகப் பெரிய அங்கீகாரங்களில் ஒன்று. அதை டிவிஎஸ் மோட்டார் 2002ல் வாங்கியது. அசோக் லேலண்டின் ஓசூர் இரண்டாவது யூனிட் 2017ல் வாங்கியது. அந்தப் பரிசுக்குத் தயாராகும் கம்பெனியில் மேனேஜரில் இருந்து லைன் ஆள் வரை எல்லோரும் ஒரே மாதிரி பேசப் பழகிவிடுவார்கள். பிரச்சினை என்ன? எவ்வளவு? ஏன் வந்தது? என்ன செய்தோம்? இப்போது எவ்வளவு? இதை தொழிற்சாலைப் பேச்சில் 'க்யூசி ஸ்டோரி' என்பார்கள். குவாலிட்டி சர்க்கிள் கூட்டங்களில் ஐடிஐ படித்த அண்ணன்கள் சார்ட் ஒட்டி விளக்குவதும் இதே வரிசையில்தான். அங்கே பழகியவர்கள் பிறகு சின்ன யூனிட்டுகளுக்கு மேனேஜராகப் போகும்போது இந்தப் பழக்கமும் கூடவே போய்விடுகிறது.

இன்டர்வியூவில் உங்கள் எதிரில் உட்காரப் போகிறவர் இப்படிப்பட்ட ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம். அவரிடம் போய் 'அறிமுகம், நோக்கம், நன்மைகள், தீமைகள், எதிர்கால வாய்ப்புகள், முடிவுரை' என்று காலேஜ் செமினார் ஸ்டைலில் 22 ஸ்லைடு காட்டினால் மூன்றாவது ஸ்லைடில் அவர் கண் கடிகாரத்துக்குப் போய்விடும்.

காலேஜில் பிரசன்டேஷன் என்றால் படித்ததைச் சொல்வது. இங்கே அது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்வது. பல பேர் தோற்பது இந்த ஒரு இடத்தில்தான்.

சரி, எப்படி சொல்வது?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். இது கற்பனைக் கணக்குதான், ஆனால் சிப்காட்டில் எந்த மெஷின் ஷாப்பிலும் நடக்கக்கூடியது.

டிப்ளமோ மெக்கானிக்கல் படித்த ஒரு மாணவி, ஒரு சிறிய யூனிட்டில் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் போகிறார். சிஎன்சி மெஷினில் ஒரு பாகத்துக்கு உள்துளை, அதாவது போர், கடைகிறார்கள். ஒரு வாரத்தில் செய்த 500 பீஸில் 18 பீஸ் போர் அளவு பெரிதாகி ரிஜெக்ட் ஆகிறது. அதாவது 3.6 சதவீதம்.

அவர் அந்த 18 பீஸும் எப்போது வந்தது என்று ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதுகிறார். 18ல் 13 பீஸ், இன்சர்ட் மாற்றிய உடனே கடைந்த முதல் சில பீஸ்கள். மெஷினில் கோளாறு என்றால் எல்லா நேரத்திலும் பரவலாக வந்திருக்கும். இன்சர்ட் மாற்றும்போது மட்டும் வருகிறது என்றால் அங்கேதான் ஏதோ இருக்கிறது.

ஏன்? இன்சர்ட் மாற்றிய பிறகு முதல் பீஸை அளக்காமலே அடுத்த பீஸைப் போட்டுவிடுகிறார்கள். ஏன் அளக்கவில்லை? போர் கேஜ் குவாலிட்டி ரூமில் இருக்கிறது. அங்கே போய் எடுத்து வருவதற்குள் மெஷின் சும்மா நிற்கும். மெஷின் நின்றால் சூப்பர்வைசர் கத்துவார். அதனால் ஆபரேட்டர் அண்ணன் அனுபவத்தை நம்பி ஓட்டுகிறார்.

தீர்வு ரொம்ப சிம்பிள். மெஷின் பக்கத்திலேயே ஒரு கேஜ். இன்சர்ட் மாற்றினால் முதல் பீஸை அளந்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்தது. அடுத்த வாரம் 500 பீஸில் ரிஜெக்ஷன் 6. அதாவது 1.2 சதவீதம். மிச்சமிருக்கும் 6 ஏன் வருகிறது என்று அவர் கண்டுபிடிப்பதற்குள் இன்டர்ன்ஷிப் முடிந்துவிட்டது.

இதில் ரோபோ இல்லை, ஏஐ இல்லை, ஐஓடி இல்லை. கேட்பவருக்கு மட்டும் இந்தப் பெண் லைனில் நின்று பார்த்திருக்கிறார், ஆபரேட்டரிடம் பேசியிருக்கிறார், எண்ணி எழுதியிருக்கிறார் என்பது இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும். நிறையப் பேர் இது ரொம்ப சின்ன விஷயம், இதைப் போய் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டு, யூடியூப்பில் பார்த்த 'ஸ்மார்ட் ஃபேக்டரி' தலைப்பை எடுத்துக்கொண்டு போகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எத்தனை ஸ்லைடு?

10 நிமிடம் என்றால் 7 ஸ்லைடு போதும். மேலே உள்ள உதாரணத்தையே எடுத்தால், முதல் ஸ்லைடில் பெயர், படிப்பு, ஒரு வரியில் விஷயம்: 'போர் ரிஜெக்ஷன் 3.6ல் இருந்து 1.2 சதவீதம் ஆனது'. இரண்டாவதில் என்ன பாகம், எந்த மெஷின். மூன்றாவதில் பிரச்சினை எவ்வளவு. நான்காவதில் 18ல் 13 எங்கே வந்தது என்று ஒரு பார் சார்ட். ஐந்தாவதில் என்ன மாற்றினோம், கையால் வரைந்த படம் கூட போதும். ஆறாவதில் முன், பின் எண்கள். ஏழாவதில் இன்னும் தீராதது என்ன.

முடிவை முதல் ஸ்லைடிலேயே போடுவதற்கு காரணம் இருக்கிறது. 10 நிமிடம் என்று சொல்வார்கள், ஆனால் அன்றைக்கு 20 பேர் வெளியே காத்திருந்தால் நான்காவது நிமிடத்தில் "ஓகே, கன்க்ளூஷனுக்கு வாங்க" என்பார்கள். சஸ்பென்ஸ் வைத்து கடைசியில் சொல்ல நினைத்தவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

தலைப்பு விஷயத்திலும் கவனம் தேவை. 'ரிசல்ட்' என்று தலைப்பு போடுவதைவிட 'முதல் பீஸை அளந்ததால் ரிஜெக்ஷன் 18ல் இருந்து 6 ஆனது' என்று போடுங்கள். ஸ்லைடைப் பார்க்காமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் விஷயம் போய்ச் சேரும்.

ஒரு ஸ்லைடு எவ்வளவு தூரம் போகும்?

இது ஏதோ அழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2003 பிப்ரவரி 1ஆம் தேதி கொலம்பியா விண்கலம் தரையிறங்கும் முன் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் இறந்தது நினைவிருக்கும். விண்கலம் கிளம்பியபோது எரிபொருள் தொட்டியில் இருந்து பெயர்ந்த ஒரு ஃபோம் துண்டு இறக்கையில் மோதியிருந்தது. அதனால் ஆபத்து உண்டா என்று, விண்கலம் மேலே இருந்தபோதே இன்ஜினியர்கள் பவர்பாயின்ட்டில் விளக்கம் கொடுத்தார்கள்.

அதில் ஒரு ஸ்லைடின் பெரிய தலைப்பைப் படித்தால் பயப்பட ஒன்றுமில்லை என்பது போல இருந்தது. ஆனால் அதே ஸ்லைடின் அடியில், சின்ன எழுத்தில், இதுவரை சோதித்துப் பார்த்த துண்டு 3 கன அங்குலம்தான், இப்போது மோதியதோ சுமார் 1,920 கன அங்குலம் என்று இருந்தது. அதாவது 640 மடங்கு. முக்கியமான தகவல் கடைசி வரியில் ஒளிந்திருந்தது. எட்வர்ட் டஃப்டி என்ற பேராசிரியர் இந்த ஸ்லைடை வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். விபத்து விசாரணைக் குழுவின் அறிக்கையும் தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாக ஸ்லைடுகளை நம்பும் பழக்கத்தைக் கண்டித்தது.

விபத்துக்கு ஒரு ஸ்லைடுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எந்த எண் முக்கியமோ அதை மேலே, பெரிதாக எழுத வேண்டும் என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல வேறு உதாரணம் தேவையில்லை.

காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் என்றால்?

கொஞ்சம் சங்கடமான கேள்விதான். ஆனால் பேசித்தான் ஆக வேண்டும்.

இறுதி ஆண்டு புராஜெக்ட்டை ரெடிமேடாக விற்கும் கடைகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். நான்கு பேர் சேர்ந்து காசு போட்டு வாங்கி, காலேஜில் மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். அதையே இன்டர்வியூவுக்குக் கொண்டு போவது ரிஸ்க். ஏனென்றால் எதிரில் இருப்பவர் கேட்கும் இரண்டாவது கேள்வியே "இதில் உங்க வேலை என்ன?" என்பதுதான். மூன்றாவது கேள்வி "இந்த மோட்டாரை ஏன் எடுத்தீங்க, வேற எடுத்தா என்ன ஆகும்?" அங்கே மௌனம் வந்தால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் அவர் சந்தேகத்தோடுதான் கேட்பார்.

அதற்குப் பதில் சின்னதாக, ஆனால் உங்கள் கையால் செய்த ஒன்றை எடுங்கள். லேப் மெஷினைச் சரி செய்தது, இன்டர்ன்ஷிப்பில் பார்த்தது, ஏன், வீட்டுத் தொழிலில் பார்த்தது கூட ஓகே. கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. சீசனில் சொந்தக்காரர் மண்டியில் நின்று, பழத்தை ரகம் பிரிப்பதில் எவ்வளவு கழிவு போகிறது, எந்தக் கூடையில் அதிகம் நசுங்குகிறது என்று பத்து நாள் எண்ணி எழுதியிருந்தால் அதுவும் ஒரு க்யூசி ஸ்டோரிதான். சப்ளை செயின் வேலைக்குப் போகிறவர் தாராளமாக இதைச் சொல்லலாம்.

நான்கு பேர் சேர்ந்து உண்மையாகவே செய்த புராஜெக்ட் என்றால் பிரச்சினையே இல்லை. "நாங்க செய்தோம்" என்று தொடங்கி, "இதில் அளவெடுத்து சார்ட் போட்டது நான், வெல்டிங் என் ஃப்ரெண்ட்" என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் வேலையை அடுத்தவர் பெயரில் சொல்பவரை யாருக்கும் பிடிக்கும்.

பழைய கம்பெனி போட்டோவைக் காட்டலாமா?

கூடாது. அனுபவம் உள்ளவர்கள் செய்யும் பெரிய தவறு இது. பழைய கம்பெனியின் டிராயிங், லைன் போட்டோ, கஸ்டமர் பெயர், விலை விவரம் எதையும் ஸ்லைடில் போடாதீர்கள். ஓசூர் சின்ன ஊர். உங்கள் பழைய மேனேஜரும் புதிய மேனேஜரும் ஒரே கம்பெனியில் ஒன்றாக டிரெய்னியாக இருந்திருப்பார்கள். "அங்கே இருந்ததை இங்கே காட்டுகிறவர், நாளைக்கு இங்கே இருப்பதை வெளியே காட்டுவார்" என்று நினைப்பதில் தப்பில்லையே.

பாகத்தை நீங்களே பென்சிலால் வரையுங்கள். உண்மையான உற்பத்தி எண்ணிக்கைக்குப் பதில் சதவீதம் சொல்லுங்கள். "விவரம் வெளியே சொல்லக்கூடாது என்பதால் சதவீதத்தில் கொடுத்திருக்கேன் சார்" என்று ஒரு வரி சொன்னால், அதுவே உங்களுக்கு ஒரு பிளஸ்.

கேட்டிலேயே போன் போய்விட்டால்?

இதுதான் இந்தப் பகுதிக்கே உரிய சிக்கல். ஐடி ஆபீஸ் மாதிரி இல்லை தொழிற்சாலை. பல கம்பெனிகளில் செக்யூரிட்டி கேட்டில் போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், சில இடங்களில் போனையே வாங்கி வைத்துவிடுவார்கள். பென் டிரைவ் உள்ளே போகாது. லேப்டாப் என்றால் சீரியல் நம்பர் எழுத வேண்டும், முன் அனுமதி வேண்டும். "டிரைவில் இருக்கு சார், ஓப்பன் பண்றேன்" என்று நினைத்துப் போகிறவர் கையில் விசிட்டர் பாஸ் மட்டும்தான் மிஞ்சும்.

அதனால் முதல் நாளே ஹெச்ஆருக்கு மெயில் அல்லது போன் பண்ணி மூன்று விஷயம் கேளுங்கள். லேப்டாப் கொண்டு வரலாமா? ஃபைலை முன்கூட்டியே மெயிலில் அனுப்பலாமா? புரொஜெக்டர் இருக்குமா? இதைக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம். ஹெச்ஆருக்கும் இது வேலையை எளிதாக்கும்.

என்ன பதில் வந்தாலும் நான்கு செட் பிரின்ட் அவுட் கையில் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு ஸ்லைடு, கருப்பு வெள்ளையே போதும். மீட்டிங் ரூம் கிடைக்காமல் ஷாப் ஃப்ளோர் பக்கத்தில் சின்ன மேஜையில் இன்டர்வியூ நடந்தாலும் நீங்கள் தடுமாற மாட்டீர்கள். பிரின்ட் எடுத்த பிறகு ஒரு முறை பாருங்கள்: கலர் ஸ்கிரீனில் பச்சையும் சிவப்புமாக அழகாக இருந்த சார்ட், கருப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் பார் மேலேயே எண்ணை எழுதிவிடுங்கள்.

என் கதை ஒன்று. தமிழ் இலக்கியம் முடித்துவிட்டு நான் போன ஒரு இன்டர்வியூவில் ஐந்து ஸ்லைடு காட்டச் சொன்னார்கள். காலேஜ் கம்ப்யூட்டரில் பாமினி ஃபான்ட்டில் அழகாக டைப் பண்ணிக்கொண்டு போனேன். அவர்கள் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லை. திரையில் வந்தது தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை, ஏதோ மந்திரம் மாதிரி எழுத்துகள். அந்த வேலை கிடைக்கவில்லை. ஃபைலை பிடிஎஃப் ஆக மாற்றி வைத்திருந்தால் தீர்ந்திருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. தமிழில் ஏதாவது எழுதினால் யூனிகோடில் எழுதுங்கள். எந்த மொழியாக இருந்தாலும் ஒரு பிடிஎஃப் காப்பி கட்டாயம்.

லேப்டாப் இல்லையா?

பரவாயில்லை. கூகுள் ஸ்லைட்ஸ், பவர்பாயின்ட் இரண்டுமே மொபைல் ஆப்பாக கிடைக்கின்றன. 7 ஸ்லைடை போனிலேயே செய்துவிடலாம். ஒரே பிரச்சினை, போன் திரையில் பெரிதாகத் தெரியும் எழுத்து சுவரில் சிறிதாகத் தெரியும். எழுத்தின் அளவு 24க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடித்ததும் பிரவுசிங் சென்டரிலோ காலேஜ் லேப்பிலோ ஒரு முறை பெரிய திரையில் திறந்து பார்த்துவிட்டு, அங்கேயே பிரின்ட்டும் எடுத்துவிடலாம். வேலை முடிந்ததும் அந்த கம்ப்யூட்டரில் மெயிலை லாக்-அவுட் பண்ண மறக்க வேண்டாம்.

டெம்ப்ளேட், அனிமேஷன், பறந்து வரும் எழுத்து எதுவும் வேண்டாம். வெள்ளைப் பின்னணி, கருப்பு எழுத்து. அந்த நேரத்தை எண்களைச் சரிபார்க்கச் செலவிடுங்கள். 500ல் 18 என்றால் 3.6 சதவீதம். ஸ்லைடில் தவறி 36 என்று போட்டுவிட்டால், குவாலிட்டி வேலைக்கு வந்தவருக்கு அதைவிட மோசமான அறிமுகம் இல்லை.

இங்கிலீஷ் வராதே, என்ன செய்வது?

ஓசூரில் டீக்கடையில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே நேரத்தில் காதில் விழும். தொழிற்சாலைக்குள் போனால் இந்தியும் சேர்ந்துகொள்ளும். இன்டர்வியூ எடுப்பவர் எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம். அதனால் ஸ்லைடு எளிய ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. பேச்சு அப்படி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

நிறையப் பேர் செய்வது, ஒரு பக்கம் ஆங்கிலத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போவது. நடுவில் ஒருவர் குறுக்கே கேள்வி கேட்டால் தொடர்பு அறுந்துவிடும், மறுபடியும் முதலில் இருந்துதான் வர வேண்டும். மனப்பாடம் பண்ணுவதாக இருந்தால் முதல் இரண்டு வாக்கியமும் கடைசி ஒரு வாக்கியமும் போதும். நடுவில் ஸ்லைடில் இருக்கும் எண்ணைத் தொட்டுக் காட்டிப் பேசுங்கள். 'ஐ செக்ட்', 'ஐ மெஷர்ட்', 'வீ சேஞ்ச்ட்' என்று சின்னச் சின்ன வாக்கியமாக இருந்தாலே புரியும். ஷாப் ஃப்ளோரில் ரிஜெக்ஷன், ரீவொர்க், செட்டிங், ஷிஃப்ட் எல்லாம் எல்லா மொழிக்காரருக்கும் பொதுவான வார்த்தைகள்தானே.

ஒரு இடத்தில் சிக்கினால், "சார், இந்த பாயின்ட்டை தமிழ்ல சொல்லட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். தமிழ் தெரிந்தவர் இருந்தால் சரி என்பார். தெரியாதவர் என்றால் பேப்பரில் வரைந்து காட்டுங்கள். தொழிற்சாலையில் பாதி விஷயம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் டிசைன், கஸ்டமர் தொடர்பு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்து ஆபீஸ் வேலைகளில் ஆங்கிலத்தில் கொஞ்சம் கூடுதல் சரளம் எதிர்பார்ப்பார்கள் என்பதையும் மறைக்க முடியாது. அதற்கு ஒரு வாரத்தில் வழி கிடையாது. உங்கள் 7 ஸ்லைடை மட்டும் 20 முறை சத்தமாகப் பேசிப் பழகலாம், அது முடியும்.

பழகும்போது போனில் ரெக்கார்ட் பண்ணுங்கள். முதல் தடவை கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். எங்கே 'ஆக்சுவலி' என்று 15 முறை சொல்கிறோம் என்பது அப்போதுதான் தெரியும். பிறகு வீட்டில் அம்மாவிடமோ தாத்தாவிடமோ தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். "அந்த அளவுக் கருவியை முன்னாடியே பக்கத்துல வெச்சிருக்கலாமே" என்று அவர்கள் சொன்னால், உங்கள் கதை நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

என்ன கேட்பார்கள்?

அளந்தது யார், எதை வைத்து அளந்தீர்கள். கேஜ் சரியாக இருந்தது என்று எப்படித் தெரியும். நைட் ஷிஃப்டிலும் இதைச் செய்தார்களா. ஆபரேட்டர் ஒத்துக்கொண்டாரா. நீங்கள் கிளம்பிய பிறகு அந்தப் பழக்கம் நிலைக்குமா.

கடைசி இரண்டு கேள்விக்கு புத்தகத்தில் பதில் இல்லை. உங்களைவிட 20 வயது மூத்த ஆபரேட்டரிடம் எப்படிப் பேசினீர்கள் என்பதைத்தான் அவர் கேட்கிறார். நாளைக்கு டிரெய்னியாக உள்ளே போனால் தினமும் அந்த வேலைதான். "முதல்ல ஒத்துக்கல சார், ரெண்டு நாள் நானே அளந்து எழுதிக் காட்டினேன், அப்புறம் அவரே எழுத ஆரம்பிச்சார்" என்பது மாதிரி நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

தெரியாத கேள்வி வந்தால்? "அதைப் பார்க்கல சார். பார்க்கணும்னா முதல்ல ஷிஃப்ட் வாரியா பிரிச்சுப் பார்ப்பேன்" என்று சொல்லலாம். வெறும் "தெரியாது" என்பதைவிட நல்லது, கதை விடுவதைவிட ரொம்ப ரொம்ப நல்லது. அதற்காகத்தான் 'இன்னும் தீராதது' என்று ஏழாவது ஸ்லைடு. உங்கள் வேலையில் இருக்கும் ஓட்டையை அவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிட்டால், பேச்சு விசாரணை மாதிரி இல்லாமல் இரண்டு பேர் ஒரு பிரச்சினையைப் பற்றிப் பேசுவது மாதிரி ஆகிவிடும்.

அன்றைக்கு காலை

9.30 என்றால் 9 மணிக்கு கேட்டில் இருக்க வேண்டும். பாஸ் போடவே நேரமாகும். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கமிருந்து ஓசூர் வருகிறவர்கள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் ரோட்டை அடைப்பதைக் கணக்கில் வையுங்கள். எல்லை தாண்டுகிறவர்களுக்கு அத்திப்பள்ளி நெரிசல் புதிதல்ல. 2025 ஆகஸ்ட் 10ல் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் லைன் பொம்மசந்திரா வரை வந்துவிட்டதால், எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி உள்ளே போகிறவர்கள் பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ பிடிப்பது நேரத்தைக் காப்பாற்றும்.

இன்னொரு எச்சரிக்கை. "பிரசன்டேஷன் டிரெய்னிங் கொடுத்து வேலையும் வாங்கித் தருகிறோம், 5 ஆயிரம் கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது கேட்டால் பிளாக் பண்ணிவிடுங்கள். நேர்காணலுக்காக வேலை தேடுபவரிடம் பணம் கேட்பது ஒழுங்கான கம்பெனி செய்யும் வேலை இல்லை. பயிற்சி வேண்டும் என்றால், படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. 2022 மார்ச் 1ல் தொடங்கிய திட்டம். காலேஜ் பிளேஸ்மென்ட் ஆபீஸரிடம் கேட்டாலே விவரம் சொல்வார்.

இன்டர்வியூ முடிந்து வெளியே வரும்போது அவர்கள் கம்ப்யூட்டரில் போட்ட ஃபைல் அங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, விசிட்டர் பாஸில் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள். கையெழுத்து இல்லாமல் கேட்டில் வெளியே விட மாட்டார்கள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் என்னென்ன கேள்வி கேட்டார்கள், எதில் திணறினீர்கள் என்பதை போனில் எழுதி வையுங்கள். ராத்திரிக்குள் பாதி மறந்துவிடும். அடுத்த கம்பெனியிலும் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான் வரும்.